யெஸ்ட் போர்ட்சென்: தன் புராணத்தைத் தானே எழுதிய திருடன்

1939ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் நார்வேயில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வெளிவந்தது. அதன் பெயர் 'யெஸ்ட் போர்ட்சென்', இயக்கியவர் தான்க்ரெட் இப்சன். 19ஆம் நூற்றாண்டில் உண்மையில் வாழ்ந்த ஒரு திருடனின் கதை அது. பழைய ஐரோப்பியப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே குழம்பிப்போவார்கள். ஒரு குறிப்பு போர்ட்செனைப் பேர்போன திருடன் என்கிறது. இன்னொன்று நூலாசிரியர், பாடலாசிரியர் என்கிறது. வேறொன்று நார்வேயின் ராபின் ஹூட் என்று முடித்துவிடுகிறது. ஆயுள் தண்டனைக் கைதி எப்படிப் புத்தகம் போட்டார்? அடிக்கடி சிறை உடைத்தவருக்கு அரசன் எதற்கு மன்னிப்புக் கொடுத்தான்? படத்தில் வரும் நல்ல திருடன் நிஜமா, கற்பனையா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. படத்தின் நாயகன் நீதிமன்றக் காகிதங்களிலிருந்து வந்தவன் அல்ல. போர்ட்சென் சிறையில் உட்கார்ந்து தன்னைப் பற்றி எழுதிய புத்தகத்திலும், அதைச் சுற்றி வளர்ந்த பாட்டுகளிலும் வாய்க்கதைகளிலும் பிறந்தவன். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

குழப்பம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு: வரலாற்று மனிதரை 'அவர்' என்றும், கதையிலும் திரையிலும் வரும் நாயகனை 'அவன்' என்றும் இந்தக் கட்டுரை குறிப்பிடும்.

பெயரும் சில சொற்களும்

'யெஸ்ட்' என்ற நார்வேச் சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள். நார்வேயில் மிகப் பழைய ஆண்பெயர் அது. 'போர்ட்சென்' என்றால் போர்டின் மகன். குடும்பப் பெயர் நிலைபெறாத காலத்தில் சாதாரண கிராமத்து மனிதருக்கு இப்படித்தான் பெயர் அமைந்தது. பெயரிலேயே ஒன்று தெரிந்துவிடுகிறது: பட்டமோ பண்ணையோ உள்ள வீட்டுப் பிள்ளை இல்லை இவர்.

அடுத்து, இவரைக் குறிக்கப் பயன்படும் மூன்று சொற்கள். மூன்றும் வேறு வேறு.

1. சட்டப்புறத்தான். நார்வேயின் இடைக்காலச் சட்டத்தில் குற்றவாளியைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிடுவது ஒரு தண்டனை. அப்படித் தள்ளப்பட்டவரை யார் கொன்றாலும் கேள்வி இல்லை. போர்ட்சென் காலத்தில் இந்த முறை எப்போதோ மறைந்துவிட்டிருந்தது. ஆகவே ஆங்கிலக் குறிப்புகள் அவருக்குச் சூட்டும் இந்தப் பட்டம் கதைப்பேச்சு மட்டுமே, சட்டநிலை அல்ல.

2. தப்பியோடி. இது அவருக்கு முழுக்கப் பொருந்தும். பிடிபடுவதும் தப்புவதும் மறுபடி பிடிபடுவதுமாகவே அவருடைய இளமை கழிந்தது.

3. கைதேர்ந்த திருடன். இது நாட்டுப்புறக் கதையிலிருந்து வரும் சொல். சொல்லி வைத்துத் திருடுவான், யாரையும் காயப்படுத்த மாட்டான், ஏமாந்தவனே வாய்விட்டுச் சிரிக்கும்படி காரியத்தை முடிப்பான். படம் இந்த மூன்றாவது ஆளைத்தான் எடுத்துக்கொண்டது.

அவர் வளர்ந்த நாடு

போர்ட்சென் 1791இல் மேற்கு நார்வேயின் சொக்ன்தால் பகுதியில் பிறந்தார். சோக்னே ஃபியோர்டு என்ற 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் நீளும் கடற்குடாவின் கரையில் உள்ள ஊர் அது. செங்குத்து மலை, கீழே ஆழமான நீர், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நிலம். பயணமெல்லாம் படகில், அல்லது மலைக்கணவாய் வழியே கால்நடையாக.

1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நார்வே முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் 8.8 லட்சம் பேர். நாட்டின் மிகப் பெரிய நகரமான பெர்கனிலேயே 18,000 பேர்தான். நாடு அப்போது டென்மார்க் அரசனின் கீழ் இருந்தது. நிலம் உள்ள விவசாயிக்குக் கீழே குத்தகைக் குடிசைவாசிகள் என்ற பெரிய கூட்டம் இருந்தது. வேறொருவர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, வாடகைக்குப் பதிலாக உடலுழைப்பைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

1807இல் நெப்போலியப் போருக்குள் டென்மார்க் இழுக்கப்பட்டதும் பிரிட்டனின் கடற்படை நார்வேக் கடற்கரையை முற்றுகையிட்டது. டென்மார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த தானியம் நின்றது. 1809, 1812 ஆகிய ஆண்டுகளில் கடும் பஞ்சம். மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். 1813இல் அரசின் கருவூலமே திவாலாகி, காகிதப் பணம் மதிப்பிழந்தது. 1814இல் நார்வே டென்மார்க்கிலிருந்து பிரிந்து மே 17 அன்று தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் சுவீடன் அரசனோடு இணைக்கவும் பட்டது.

போர்ட்சென் 16 வயதிலிருந்து 23 வயதுவரை கடந்த ஆண்டுகள் இவை. பஞ்சம்தான் அவரைத் திருடனாக்கியது என்று இதிலிருந்து சொல்லிவிடக் கூடாது. அதே பஞ்சத்தில் பட்டினி கிடந்து, திருடாமலே செத்தவர்கள் ஏராளம். ஆனால் அதிகாரிகளின் மேல் மக்களுக்கு ஏன் பாசம் இல்லை, ஓடி வந்தவனை ஏன் சிலர் காட்டிக்கொடுக்கத் தயங்கினார்கள் என்பதற்கு இந்தப் பின்னணி தேவை. அதிகாரிகள் பெரும்பாலும் டேனிஷ் மொழியில் எழுதி, டேனிஷ் மரபில் வளர்ந்த மேல்தட்டினர். வரி கேட்கவும் தண்டனை கொடுக்கவும் மட்டுமே அவர்களைக் கிராமம் கண்டது.

அத்தனை முறை எப்படித் தப்ப முடிந்தது?

புராணம் இதற்குச் சொல்லும் விடை, அவனுடைய அபாரத் திறமை. திறமை இருந்திருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய காவல் முறையைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கிறது.

1. போலீஸ் இல்லை. கிராமப்புறத்தில் இருந்தவர் லென்ஸ்மன் என்ற ஒற்றை அதிகாரி. அவரும் உள்ளூர் விவசாயிதான். மலைகளும் நீரும் பிரித்துப் போட்ட பெரிய பகுதிக்கு அவர் ஒருவரே பொறுப்பு.

2. கிராமத்துக் காவல்கூடம் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. ஓர் உளியும் ஓர் இரவும் இருந்தால் போதும்.

3. காவலுக்கு நின்றவர்களும், கைதியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனவர்களும் முறை வைத்து அழைக்கப்பட்ட விவசாயிகள். வைக்கோல் காய வேண்டிய நேரத்தில் யாரோ ஒரு திருடனைக் காவல் காக்க வந்தவர்களின் கவனம் எங்கே இருந்திருக்கும்?

4. புகைப்படம் கிடையாது. தேடப்படுகிறவரின் அடையாளம் எழுத்தில்தான் போகும்: உயரம், முடி நிறம், உடுத்திய உடை. உடையை மாற்றினாலே அடையாளத்தில் பாதி போய்விடும். நாட்டுக்குள்ளே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இருந்தது உண்மை. ஆனால் சீட்டு வெறும் காகிதம்தானே. அடுத்தவர் சீட்டை வைத்திருப்பவன் அடுத்தவனாகவே ஆகிவிடுவான்.

மாறுவேஷம், போலிப் பெயர் என்று படங்களில் வருவதெல்லாம் மிகையாகத் தோன்றலாம். அந்தக் காலத்தின் நடைமுறையில் அவை சாதாரணமாகவே வேலை செய்திருக்கும்.

திருட்டுக்கு எதற்கு ஆயுள் தண்டனை?

இன்றைய வாசகருக்கு இது உறுத்தும். கொலை செய்யாத ஒருவரை ஆயுளுக்கும் அடைப்பதா? டென்மார்க்குக்கும் நார்வேக்கும் பொதுவாக 1789இல் ஒரு திருட்டுச் சட்டம் வந்தது. திருடிய பொருளின் மதிப்பை விட, எத்தனையாவது முறை திருடுகிறான் என்பதை அது முக்கியமாக எடுத்துக்கொண்டது. முதல் முறை குறுகிய தண்டனை, இரண்டாவது முறை சில ஆண்டுகள், மூன்றாவது முறை ஆயுள். சில்லறைத் திருட்டானாலும் மூன்று முறை பிடிபட்டால் வாழ்க்கை முடிந்தது. 1842இல் புதிய குற்றவியல் சட்டம் வரும்வரை நீதிபதிகள் இந்தப் பழைய படிக்கட்டு முறையில்தான் தீர்ப்பு எழுதினார்கள்.

கடுமையான தண்டனை பெற்ற ஆண்களைக் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்கு அதிகாரபூர்வப் பெயரே 'அடிமைகள்'. காலில் இரும்புச் சங்கிலி போட்டுக்கொண்டு மதில் செப்பனிடுவது, கல் உடைப்பது, நகரத்து வேலைகளைச் செய்வது அவர்கள் வாழ்க்கை. தலைநகர் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், கடலை ஒட்டி நிற்கும் ஆக்கெர்ஸ்ஹூஸ் கோட்டைதான் இவற்றில் முக்கியமானது. 1827இல் போர்ட்சென் அங்கே அடைக்கப்பட்டார், ஆயுளுக்கும். 18 ஆண்டுகள் கழித்து, 1845இல்தான் வெளியே வந்தார்.

சிறைக்குள் எழுதிய புத்தகம்

இதுதான் கதையின் மையம். 1835இல் கிறிஸ்தியானியாவில் போர்ட்செனின் தன்வரலாறு அச்சாகி வெளிவந்தது. தானே எழுதியது என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டு வந்த புத்தகம் அது. எழுதியவர் அப்போதும் கோட்டைக்குள்தான் இருந்தார்.

ஏழைத் திருடருக்கு எழுத்து எங்கிருந்து வந்தது? 1736இல் டென்மார்க்-நார்வேயில் திருச்சபையில் உறுதிபூசுதல் என்ற சடங்கு எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அது முடியாமல் கல்யாணம்கூடச் செய்துகொள்ள முடியாது. அதற்கு வேதவிளக்க நூலை வாசித்துக் கற்க வேண்டும். 1739இல் கிராமப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. விளைவாக, ஐரோப்பாவின் பல நாடுகளோடு ஒப்பிட்டால் நார்வேயில் வாசிக்கத் தெரிந்த ஏழைகள் அதிகம். எழுதத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த கூட்டத்தில் போர்ட்சென் ஒருவர். வாசிக்கத் தெரிந்த பெரிய கூட்டமோ அவருக்கு வாசகர்களாகக் காத்திருந்தது.

சரி, அந்தப் புத்தகத்தை எப்படி வாசிப்பது? எழுதிய நேரத்தில் எழுத்தாளரின் நிலைமை என்ன என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

1. அவர் ஆயுள் கைதி. வெளியே வர ஒரே வழி அரச மன்னிப்பு. ஆகவே அதிகாரிகளின் கண்ணில் படும் எழுத்தில் மனம் திருந்தியவராகத் தெரிந்தாக வேண்டும்.

2. அவருக்குப் பணமும் பெயரும் தேவை. திருந்தியவனின் அழுகையை மட்டும் எவரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். சாகசமும் ஏமாற்றும் தப்பித்தலும் இருந்தாக வேண்டும்.

3. அவர் சொன்னதை மறுக்கக்கூடியவர்கள் தொலைதூரக் கிராமங்களில் இருந்தார்கள். பறிகொடுத்த விவசாயி பதில் புத்தகம் போடப் போவதில்லை.

இந்த மூன்றும் சேர்ந்தால் எப்படிப்பட்ட ஆள் உருவாவான்? கெட்டிக்காரன், ஆனால் கொடியவன் இல்லை. திருடுவான், ஆனால் பணக்காரனிடம்தான். ஏழைக்குக் கொடுப்பான். அதிகாரியை அசடாக்குவான், ஆனால் அரசனை எதிர்க்க மாட்டான். வருந்துவான், ஆனால் வருந்துவதற்கு முன் முழுக் கதையையும் சுவையாகச் சொல்லிவிடுவான். யெஸ்ட் போர்ட்சென் என்ற புராண நாயகன் இப்படித்தான் பிறந்தான்.

அவர் எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. நிகழ்ந்தவை பல அதில் இருக்கின்றன. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தத் தொனியில் சொல்வது என்பதை ஒரு கைதியின் தேவை முடிவு செய்திருக்கிறது. 'பணக்காரனிடம் மட்டும் திருடினேன்' என்ற கூற்றையே எடுத்துக்கொள்வோம். குத்தகைக் குடிசையில் திருட என்ன இருந்தது? வெள்ளிக் கரண்டியும் பணப்பெட்டியும் வியாபாரி வீட்டிலும் அதிகாரி வீட்டிலும் பெரிய பண்ணையிலும்தான் இருந்தன. ஏழைக்குக் கொடுத்தது? தப்பி ஓடுகிறவருக்குத் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், பார்த்ததைச் சொல்லாத வாய்கள் வேண்டும். கொடுத்த காசில் ஒரு பங்கு இதற்கான விலையாகவும் இருந்திருக்கலாம். கருணையும் கணக்கும் ஒரே கையில் இருப்பது மனிதருக்குப் புதிதல்லவே.

அவர் பாடல்களும் எழுதினார். அந்தக் காலத்தில் சில்லிங் பாட்டு என்று ஒரு வகை இருந்தது. ஒற்றைத் தாளிலோ நாலு பக்கத்திலோ அச்சடித்து, சில்லறைக் காசுக்குச் சந்தையில் விற்பார்கள். அன்றைய நார்வே நாணயமான ஸ்பெசிதாலர் ஒன்றுக்கு 120 சில்லிங், ஆகவே ஒரு சில்லிங் என்பது ஏழையும் கொடுக்கக்கூடிய காசு. கொலை, கப்பல் மூழ்கியது, தூக்குத் தண்டனை, பெரிய திருட்டு எல்லாம் தெரிந்த மெட்டில் பாட்டாக ஊர் ஊராகப் போகும். செய்தித்தாள் எட்டாத இடத்தில் அதுதான் செய்தித்தாள். சுவாரசியமான திருடர்களுக்கு அதில் எப்போதும் இடம் உண்டு.

இன்னொரு பொருத்தமும் கவனிக்கத்தக்கது. போர்ட்சென் சிறையிலிருந்த அதே 1840களின் தொடக்கத்தில்தான் அஸ்ப்யோர்ன்சென், மூ என்ற இருவர் நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி வெளியிட்டார்கள். அவற்றில் 'கைதேர்ந்த திருடன்' என்ற கதையும் ஒன்று. ஏழை வீட்டுப் பையன் பந்தயம் கட்டி மாட்டைத் திருடுவான், குதிரைகளைத் திருடுவான், பாதிரியாரைச் சொர்க்கத்துக்குப் போவதாக நம்பவைத்துச் சாக்கில் போட்டு இழுத்து வருவான், கடைசியில் பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்வான். மக்கள் மனதில் இப்படி ஓர் அச்சு முன்பே இருந்தது. போர்ட்செனைப் பற்றிய கதைகள் அந்த அச்சில் போய்ப் படிந்தன.

அதே கோட்டையில் இருந்த வேறு இருவர்

போர்ட்செனுக்கு ஏன் இப்படியொரு புகழ் என்பதை அறிய, ஆக்கெர்ஸ்ஹூஸில் இருந்த வேறு இரண்டு கைதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஊலே ஹொய்லான்ட் 1797இல் தெற்கு நார்வேயில் பிறந்தவர். 1835 பிறக்கும் வேளையில் கிறிஸ்தியானியாவில் நார்வே வங்கியின் கிளைக்குள் கூட்டாளிகளோடு புகுந்து, சுமார் 64,000 ஸ்பெசிதாலர் கொண்டுபோனார். நாடே அதிர்ந்தது. பிடித்து ஆக்கெர்ஸ்ஹூஸில் தனிக்காவலில் வைத்தார்கள். 1839இல் அங்கிருந்தும் குடைந்து வெளியேறினார். சில ஆண்டுகளில் மறுபடி பிடிபட்டு, 1848இல் அதே கோட்டையில் தூக்கிட்டு இறந்தார். திறமையிலும் துணிச்சலிலும் போர்ட்செனுக்குக் குறைந்தவர் இல்லை, கொள்ளையின் அளவில் எத்தனையோ மடங்கு பெரியவர். 1970இல் அவரைப் பற்றியும் படம் வந்தது. ஆனால் அந்தக் கதையின் முடிவில் இருட்டு இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது.

கிறிஸ்தியன் லொஃப்தூஸ் திருடரே இல்லை. 1786இல் தென்பகுதி விவசாயிகளின் குறைகளைத் திரட்டி, அதிகாரிகளின் அநியாய வசூல்களையும் நகர வியாபாரிகளின் பிடியையும் எதிர்த்துக் கோபன்ஹேகனுக்கு, அரச குடும்பத்தின் முன்னாலேயே போனவர். 1787இல் அவரைக் கைதுசெய்து ஆக்கெர்ஸ்ஹூஸில் கல்லோடு சேர்த்துச் சங்கிலியிட்டார்கள். 1797இல் அங்கேயே இறந்தார். இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் அவருக்கான தண்டனையை உறுதி செய்தது.

ஏழைகளுக்காக நின்றவர் யார் என்று கேட்டால், இந்த மூவரில் லொஃப்தூஸ்தான். ஆனால் ஜனரஞ்சகப் படத்துக்கு நாயகனாகக் கிடைத்தவர் போர்ட்சென். காரணம் எளிது: அவர் உயிரோடு வெளியே வந்தார், தன் கதையைத் தானே சொன்னார், கதையில் கலகம் இல்லை.

'நல்ல கொள்ளையன்' என்ற அளவுகோல்

வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் உலகமெங்கும் உள்ள கொள்ளையர் கதைகளை ஒப்பிட்டு, 'சமூகக் கொள்ளையன்' என்ற கருத்தை முன்வைத்தார். அவர் சொன்ன இலக்கணம் ஏறக்குறைய இது: அநீதிக்கு ஆளாகி இந்தத் தொழிலுக்கு வருவான், பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுப்பான், தற்காப்புக்கன்றிக் கொல்ல மாட்டான், மக்கள் அவனை மறைத்து வைப்பார்கள், யார் கண்ணிலும் படாதவன் என்று நம்பப்படுவான், துரோகத்தால்தான் வீழ்வான், அரசனுக்கு எதிரி இல்லை, உள்ளூர் அதிகாரிக்கே எதிரி.

1972இல் மானுடவியலாளர் ஆன்டன் ப்ளோக் இதை மறுத்தார். நிஜக் கொள்ளையர்கள் பல நேரம் பெரிய மனிதர்களின் பாதுகாப்பில் இருந்துகொண்டு ஏழைகளையே வாட்டினார்கள் என்றும், நல்ல கொள்ளையன் மக்களின் ஏக்கத்தில் பிறந்தவன் என்றும் சொன்னார்.

போர்ட்சென் விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. கதையின் 'அவன்' ஹாப்ஸ்பாமின் பட்டியலோடு நன்றாகவே ஒத்துப்போகிறான், கடைசியில் அரச மன்னிப்பு கிடைப்பது வரை. மனிதரான 'அவர்' எந்த ஊர்க் கூட்டத்துக்கும் தலைவர் இல்லை, எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை. ஆனால் இந்த விவாதம் தொடாத ஒன்று இங்கே இருக்கிறது. மக்கள் அவரை நல்ல கொள்ளையனாக்கும் முன்பே, அந்த உருவத்தை எழுதிக் கொடுத்தவர் அவரே.

1939இல் ஏன் இந்தப் படம்?

நார்வேயின் திரைத்தொழில் வித்தியாசமாக வளர்ந்தது. 1913இல் வந்த சட்டம் திரையரங்குக்கு உரிமம் தரும் அதிகாரத்தை நகராட்சிகளிடம் கொடுத்தது. பல நகராட்சிகள் தாங்களே அரங்குகளை நடத்தத் தொடங்கின. டிக்கெட் லாபம் நகரத்துச் செலவுகளுக்குப் போயிற்று, படம் எடுப்பவர்களிடம் திரும்பி வரவில்லை. அதனால் நார்வேப் படங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 1932இல் நகராட்சிகள் சேர்ந்து நோர்ஸ்க் ஃபில்ம் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி, 1935இல் ஓஸ்லோவுக்கு அருகில் 'யார்' (Jar) என்ற இடத்தில் பேசும்படங்களுக்கான ஸ்டூடியோவைக் கட்டிய பிறகே நிலைமை மாறியது. 1930களின் இறுதியை நார்வே சினிமாவின் பொற்காலம் என்பார்கள். 'யெஸ்ட் போர்ட்சென்' அந்த அலையின் உச்சத்தில் வந்த படம்.

தான்க்ரெட் இப்சன் 1893இல் பிறந்தவர். தந்தைவழித் தாத்தா நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன். தாய்வழித் தாத்தா ப்யோர்ன்ஸ்தியெர்னே ப்யோர்ன்சன், நார்வேயின் தேசிய கீதத்தை எழுதியவர், 1903இல் நோபல் பரிசு பெற்றவர். பேரனோ ராணுவ அதிகாரியாகவும் விமானியாகவும் இருந்து, 1920களில் ஹாலிவுட்டுக்குப் போய்த் தொழிலைப் பார்த்து வந்தவர். 1931இல் நார்வேயின் முதல் பேசும்படத்தை இணைந்து இயக்கியவரும் அவரே. மேற்கத்திய சாகசப் படத்தின் வேகத்தை நார்வேயின் மலைகளுக்கும் கடற்குடாக்களுக்கும் எப்படிக் கொண்டுவருவது என்று தெரிந்தவர் அன்று அந்த நாட்டில் அவரைத் தவிர அதிகம் பேர் இல்லை.

நாயகன் ஆல்ஃப்ரெட் மௌர்ஸ்தாட். மேடையில் பேர் கிந்த்தாக நடித்துப் பெயர் பெற்றவர். பேர் கிந்த் என்பவன் இயக்குநரின் தாத்தா 1867இல் படைத்த நாடகத்தின் நாயகன்: அளந்து விடுவான், பொறுப்பைக் கண்டால் ஓடுவான், ஆனாலும் வெறுக்க முடியாது. 1937இல் இதே இயக்குநரின் படத்தில் மௌர்ஸ்தாட் கடற்கரை நாடோடியாக நடித்திருந்தார். வசீகரமான அயோக்கியன் என்றால் நார்வே ரசிகர்கள் மனதில் வருகிற முகம் அவருடையது. போர்ட்சென் பிறந்த சோக்ன் பகுதிக்கு வடக்கே உள்ள நோர்ட்ஃபியோர்டில் பிறந்தவர், நாட்டுப்புற ஃபிடில் வாசிக்கத் தெரிந்தவர். இந்த வேஷத்துக்கு இன்னொருவரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காதல், பாட்டு, மாறுவேஷம், மலைமேல் ஓட்டம் எல்லாவற்றையும் அவரே தாங்கிக்கொண்டு போகிறார்.

படம் வெளிவந்த நேரமும் முக்கியம். போலந்து விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் பின்லாந்தின் மேல் சோவியத் படை பாய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுநிலை நாடான நார்வே, பெரிய நாடுகள் தன்னை விட்டுவைக்குமா என்ற கவலையோடு கிறிஸ்துமஸைக் கழித்தது. பலசாலிகளை அடிக்காமல், புத்தியால் ஏமாற்றித் தப்பிக்கும் ஓர் உள்ளூர் ஆளின் கதை அந்த வாரத்தில் எப்படித் தைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி படையெடுத்தது. ஆக்கெர்ஸ்ஹூஸ் மறுபடி சிறையானது, எதிர்ப்பியக்கத்தினர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இயக்குநர் தான்க்ரெட் இப்சனும் 1943இலிருந்து போர்க்கைதியாக முகாம்களில் இருந்தார்.

படத்தில் எதை நம்புவது?

1. காலச்சூழல். அதிகாரிகளுக்கும் கிராமத்துக்கும் இடையிலிருந்த தூரத்தையும், காவலின் பலவீனத்தையும் படம் உணர்த்துகிற அளவுக்கு நம்பலாம்.

2. நாயகனின் குணம். இது மூன்று கை மாறி வந்தது: அவர் எழுதியது, மக்கள் பாடியது, 1939இன் திரைக்கதை செதுக்கியது. அழகான வார்ப்பு, ஆனால் சாட்சியம் அல்ல.

3. பறிகொடுத்தவர்கள். எந்த நல்ல திருடன் படத்திலும் இவர்கள் சிரிப்புக்கு உரியவர்களாகவே வருவார்கள். நிஜத்தில், பஞ்சத்திலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்த நாட்டில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஓர் இரவில் போவது சின்ன விஷயமில்லை. படத்தை ரசித்தாலும் இவர்களை நான் மறக்க விரும்பவில்லை.

4. சிறை. 18 ஆண்டுச் சங்கிலி வாழ்க்கையைச் சாகசப் படம் தாங்காது. நார்வேயிலேயே அது கேள்விக்குள்ளானது. 1837இல் சிறைகளை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் பரிந்துரையால் தனி அறைகள் கொண்ட புதிய சிறை 1851இல் கிறிஸ்தியானியாவில் திறந்தது. போர்ட்சென் அதைப் பார்க்கவில்லை.

வெளியே வந்த பிறகு

1845இல், முதலாம் ஓஸ்கார் அரசனாகி ஓராண்டு ஆன நிலையில், போர்ட்செனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பிறகு அவர் திருடப் போகவில்லை. தான் எழுதிய புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். எந்தப் பெயரை மறைத்து ஓடினாரோ, அதே பெயரைச் சொல்லி வாசலில் நின்றார். கதவைத் திறந்தவர்களுக்கு வாசலில் நிற்பது யாரென்று தெரியும். காசு கொடுத்து அவருடைய கதையை வாங்கினார்கள்.

யாராவது மறுபடி இவரைப் பற்றிப் படம் எடுத்தால், இந்த நான்கு ஆண்டுகளிலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும். 1849 மே மாதம் பெர்கனில் அவர் இறந்தார்.